இளைக்கக் கூடாத வேலை

உடம்பால் உழைத்துப் பிழைக்கிற தொழில்கள் ஆயிரம் உண்டு. உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஆனால் கனமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதில்தான் நான் நாலு வருடம் இருந்தேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஆலப்பாக்கம் தாண்டிக் கடல் பக்கமாகத் திரும்பினால் ஒரு சின்னப் பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. முன்பெட்டியில் டிராகன் மூஞ்சி வைத்திருந்ததால் எல்லாரும் அதை டிராகன் ரயில் என்பார்கள். ஐந்து பெட்டி, பெட்டிக்கு இரண்டு பேர். ஒரு சங்கிலி அந்த ரயிலை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதோடு சரி. அதற்கப்புறம் எஞ்சினும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. ஏறின உயரம்தான் எஞ்சின். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று, அதேதான். உச்சியில் சேர்த்து வைத்தது இறங்கும்போது வேகமாக மாறும். அந்த வேகத்தில் இரண்டாவது மேட்டை ஏறித் தாண்டியாக வேண்டும்.

அந்த இரண்டாவது மேடு கடலைப் பார்த்து நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பி நேர் எதிரே வந்து முட்டும். ரயில் நிறைய ஆள் இருந்தால் காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நாலைந்து பேர் மட்டும் இருந்தால் உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது மூச்சு வாங்கிப் பின்னால் உருண்டுவிடும். ஆகவே கூட்டமில்லாத நாட்களில் பாரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். நாற்காலி நிரப்ப மீட்டிங்குக்கு அழைத்துப் போகப்பட்டவர்கள், குரூப் போட்டோவில் இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

மணல் மூட்டை

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவை மணல் மூட்டைகள். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற மூட்டைகளைப் பார்த்ததும் வந்தவர்களுக்கு ஏறவே மனசு வராது. ஒருநாள் வளைவில் ஒரு மூட்டை கிழிந்து, பின்னால் இருந்தவர்கள் கண்ணெல்லாம் மணல். இரும்பை வைத்துக் கட்டலாமென்றால் சோதனைக்கு வருகிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு அதுவும் சேர்ந்தால் பாரம் ஜாஸ்தியாகிவிடும். ஏறவும் இறங்கவும் தெரிந்த பாரமாக இருந்தால் தேவலை என்று முதலாளி யோசித்தாராம்.

நான் சிதம்பரத்தில் கல்யாணப் பந்திகளில் பரிமாறும் கோஷ்டிக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தக் கோஷ்டி கலைந்துபோய் வீட்டில் இருந்தேன். பூமிக்குப் பாரம் என்று என் மாமனார் எனக்குப் பேர் வைத்திருந்தார். பாரம்தான் தகுதி என்று ஒரு வேலை வந்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. முதலாளி என்னிடம் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை. டிக்கெட் கவுன்ட்டர் ஓரமாக இருந்த எடை மிஷினில் நிற்கச் சொன்னார். முள் நூறைத் தாண்டிப் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பேரு கலியபெருமாளா? சரி, நாளைலேர்ந்து வந்துடு. ஒண்ணே ஒண்ணு, இளைச்சிடாத."

கட்டை விரல்

நாலாம் வருடத் தொடக்கத்தில் வலது கால் கட்டை விரலில் ஒரு கொப்புளம் வந்தது. செருப்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆறவில்லை. என் மனைவி சாந்தி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கீழ வீதியில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. உடம்பைக் குறைத்தால் விரல் தப்பும், குறைக்காவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் என்று டாக்டர் தன் காலிலேயே கையால் வெட்டி வெட்டிக் காட்டினார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து சாந்தியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் கொஞ்சம் தைரியமாவது வந்திருக்கும்.

"இன்னைய நிலைமைக்கு ஒண்ணு உங்களுக்கு வேலை இருக்கும், இல்லைன்னா கால் இருக்கும். வீட்ல பேசிட்டு வாங்க."

கத்தத் தெரிய வேண்டும்

வீட்டில் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. மறுநாளிலிருந்து சாந்தி அரிசியை நிறுத்திவிட்டாள். கம்பு, கேழ்வரகு, கீரை. வயிறு காய, மனசு பதற, நான் ரயிலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். இதில் இன்னொரு கடமையும் உண்டு. பாரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு உற்சாகம் வராது. உச்சியிலிருந்து இறங்கும்போது நான்தான் முதலில் கத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். மூன்றாவது தடவைக்கு மேல் எவனுக்குப் பயம் வரும்? வீட்டு நினைப்பை வரவழைத்துக்கொண்டுதான் கத்துவேன். விரலை நினைத்துக்கொண்டால் அலறல் தானாகவே நன்றாக வந்துவிடும்.

ஒரு புதன்கிழமை காலை, காற்று கிளம்புவதற்கு முன்னால், புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் பளபளவென்றிருந்தது. முதல் சுற்றில் நான் கத்திய கத்தலில் என் தொண்டையே கட்டிக்கொண்டது. இன்னொரு சுற்று இலவசம் என்று ஆபரேட்டர் குமரவேல் அவர்களிடம் சொன்னான். அந்தப் பெண் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"டெய்லி போற அண்ணனுக்கே உசுரு போவுதுன்னா, எங்களுக்கு என்னா ஆவறது? நாங்க எறங்கிக்கிறோம்."

மூன்று பேர்

நம் ஊரில் மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பூங்காவிலும் அதே கதைதான். விருத்தாசலம் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேர் வந்தார்கள். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மேடைக்கு வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார். மூன்று பேராக உயரத்தில் ஏறுவது ஆகாது என்றார். நான் முன்பெட்டியில் உட்கார்ந்திருப்பதைக் குமரவேல் கைகாட்டினான். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சமாதானமானார். வாழ்க்கையில் ஒரு குடும்பத்துக்கு நான் சகுனத் தடை நீக்கியவன் ஆனேன்.

இறங்கினதும் என்னோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வெட்கமில்லை. போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்த அந்த வீட்டுக்காரர் மனைவியிடம் திருப்தியாகச் சொன்னார்:

"கணக்குக்கு நாலு பேரு. பாக்கறதுக்கு அஞ்சு பேரு மாரி இருக்குது."

அடிபட்டுப் போகிற ஆள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். நல்ல டீச்சர். எங்கள் ரயிலைக் காட்டியே முழுப் பாடத்தையும் நடத்தினார். உச்சியில் நிலை ஆற்றல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு பையன் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினான். பிள்ளைகள் சிரித்து முடிக்கிறவரை டீச்சர் காத்திருந்தார். பிறகு கையிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் சூத்திரத்தை எழுதினார். நிறை இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது, ஆகவே இரண்டையும் அடித்துவிடலாம் என்று கோடு போட்டார். ஏறுகிறவர் குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் இறங்குகிற வேகம் ஒன்றுதான் என்றார்.

காற்றும் உராய்வும் இல்லை என்று வைத்துக்கொண்டால் அப்படி, நிஜத்தில் இரண்டும் உண்டு, அதனால் பாரம் குறைந்த ரயில் சீக்கிரம் வேகம் இழக்கும் என்று அவர் அடுத்ததாக ஒழுங்காகத்தான் சொன்னார். காற்றும் உராய்வும் இல்லாத அந்த உலகத்தில் ஒரு வாரமாவது இருந்துவிட்டு வர எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, பின்னால் நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி முதல் பாதியோடு கிளம்பிவிட்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போற ஆளுக்கா நான் மாசா மாசம் சம்பளம் குடுத்துனு இருக்கேன்?"

மங்கலம்பேட்டை அத்தை

அன்றைக்குக் குமரவேல்தான் கடற்காற்றைச் சாட்சிக்குக் கூப்பிட்டு என் வேலையைக் காப்பாற்றினான். ஆனால் வீட்டுப் பக்கம் சாந்தி ஜெயித்துக்கொண்டே வந்தாள். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது. விரல் புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. தினமும் காலையில் அதைப் பார்த்தால் சந்தோஷம், சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தால் பயம். வேலைக்குப் போகும்போது மட்டும் உள்ளே இரண்டு பனியன் போட்டுக்கொண்டேன்.

மங்கலம்பேட்டையில் சாந்தியின் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஓடி வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். இளைத்துவிட்டாய் என்பது நம் வீடுகளில் பாசமாகச் சொல்கிற வார்த்தை. எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும், எவ்வளவு ஊதியிருந்தாலும், முதலில் அதைத்தான் சொல்வார்கள். நூறு கிலோவுக்கு மேல் இருந்தபோதும் அத்தை அதையேதான் சொன்னார். அப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போவேன். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை அது உண்மை.

"அடப் பாவமே, என்னாப்பா இப்படி இளைச்சுப் போயிட்ட? அந்த வேலைல சோறுகீறு போடறாங்களா, இல்லியா?"

பள்ளத்தில்

பயந்தது நடந்தது. ஆடி மாதம், பூங்காவில் ஈ காக்காய் இல்லை. சிதம்பரத்தில் படிக்கிற நாலு கல்லூரிப் பெண்கள் மட்டும் வந்திருந்தார்கள். நாலும் ஒடிசல். நான் முன்பெட்டியில் ஏறிக்கொண்டேன். முதல் மேட்டின் உச்சியில் கடற்காற்று சட்டையைப் படபடவென்று அடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கினோம், கத்தினேன், இரண்டாவது மேட்டில் ஏறினோம். பாதிக்கு மேல் ரயில் தயங்கியது. போ தாயே, போ என்று முன்கம்பியை என் கையாலேயே தள்ளினேன். உள்ளே உட்கார்ந்துகொண்டு தள்ளினால் எங்கே போகும்? உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது அப்படியே நின்று, ஒரு மூச்சு விட்டு, பின்னால் உருண்டது. முன்னும் பின்னுமாகத் தொட்டில் மாதிரி ஆடி ஆடிப் பள்ளத்தில் அடங்கிவிட்டது.

பள்ளத்தில் தரைக்கும் பெட்டிக்கும் அதிக உயரமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குமரவேல் ஏணி எடுத்து வர ஓடினான். நான் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். என் வேலை அந்தப் பள்ளத்தில் கிடப்பது மாதிரியே இருந்தது. ஒரு பெண் போனில் படம் பிடித்துக்கொண்டே என் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, இங்க நிக்கறதும் டிக்கெட்ல சேத்திதானே?"

எடை மிஷின்

ஏணியில் இறங்கி வந்ததும் முதலாளி ரயிலைப் பார்க்கவில்லை, என் இடுப்பைப் பார்த்தார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அதே எடை மிஷினில் நிற்க வைத்தார். முள் நூறுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அந்த முள்ளை என் டாக்டர் பார்த்திருந்தால் எனக்குக் கைகொடுத்திருப்பார். எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பைக் கழற்றி விரலையும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

அவரும் கெட்டவர் இல்லை. அந்த ரயில் நின்றுபோன படம் நாலு போனுக்குப் போனால் பூங்காவுக்கு எவன் வருவான்? ஒரு மாசம் டைம் தருகிறேன், ஏற்றிக்கொள் என்றார். மறுநாள் கேன்டீனில் நான் கேட்காமலேயே பரோட்டாவும் சால்னாவும் என் முன்னால் வந்தன. என் பையில் சாந்தி கட்டிக் கொடுத்த கம்பங்களி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன். ஒரு பரோட்டாவைப் பிய்த்து வாய்வரை கொண்டுபோனேன். புதுத் தோல் நினைப்பு வந்து வைத்துவிட்டேன். வைத்துவிட்டாயே, நாளைக்கு எங்கே போவாய் என்று மறுபடி எடுத்தேன். கேன்டீன் மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இலைல மிச்சம் வெக்காதீங்க, பெருமாளு. மொதலாளி என்னைத்தான் கேப்பாரு."

இரும்புத் தட்டு

குமரவேல் ஒரு வழி சொன்னான். என்னை மாமா என்று கூப்பிடுகிறவன், உண்மையாகவே மாமனுக்கு ஒன்று என்றால் துடிக்கிறவன். அவனுடைய தம்பி ஜிம்முக்குப் போகிறவன்; அங்கிருந்து எடை தூக்குகிற இரண்டு இரும்புத் தட்டுகளை வாங்கி வந்து என் வயிற்றில் துண்டு சுற்றிக் கட்டிவிட்டான். மேலே சட்டை. கண்ணாடியில் பார்த்தால் பழைய கலியபெருமாள் அப்படியே நின்றான். டாக்டருக்கு இளைத்தவன், முதலாளிக்குக் குண்டன். இப்படியே ஓட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை வந்தது.

இரண்டு நாள் ஓடியது. வளைவுகளில் தட்டு விலா எலும்பில் போய் இடிக்கும். அந்த நாட்களில் என் அலறல் முழுக்க நிஜம். மூன்றாவது நாள், ரயில் மேடைக்கு வந்து நின்று நான் எழுந்தபோது துண்டு அவிழ்ந்தது. முதலாளி எதிரே நிற்கிறார். தட்டு மேடையில் விழுந்து வட்டமிட்டுச் சுற்றி, கணீரென்று சத்தம் போட்டு அடங்கியது. பின்பெட்டியிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் அக்கறையாகக் குனிந்து அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, உங்க பார்ட் ஒண்ணு கழண்டு வுழுந்துடுச்சு பாருங்க."

பெண்ணாடத்துக்காரர்

மாசக் கடைசியில் முதலாளி பெண்ணாடத்திலிருந்து புது ஆளை வரவழைத்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர். கரும்பு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர், முதுகு போனதால் விட்டுவிட்டாராம். கிளம்புவதற்கு முன் அவருக்கு வேலை பழக்கிவிட்டுப் போ என்றார் முதலாளி. என்னத்தைப் பழக்குவது? முன்பெட்டியில் உட்காருங்கள், கம்பியை விடாதீர்கள், இறங்கும்போது முதலில் நீங்கள் கத்துங்கள் என்றேன். அவர் ஏறிப் போனார். அத்தனை கடற்காற்றிலும் ரயில் இரண்டாவது மேட்டை அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. வீட்டில் சாந்தியிடம் எப்படிச் சொல்வது என்பதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்தவர் மேடைப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். எனக்கு அந்த அட்டையை நன்றாகத் தெரியும். அதே மாத்திரையைத்தான் நானும் இரண்டு வேளை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் துணி சுற்றியிருந்தது. டாக்டர் கையால் வெட்டிக் காட்டினது எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"சக்கரை ஆலை ஊர்லேர்ந்து வர்றேன், எனக்கு மட்டும் சக்கரை இல்லாம இருக்குமா? மூணு பொண்ணு தம்பி. மொதலாளி காதுல போட்டுடாத."

இப்போது எனக்குப் பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போக ஒரு வேலைதான் இல்லை.